நூற்றுப் பதினெட்டு ராத்தல்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையைப் பார்த்துக் காலை எடுக்கச் சொன்ன ஒரே மனிதர் அவர்தான். ஷீட்டுக் கட்டுகளை நிறுக்கிற மேடைத் தராசின் ஓரத்தில் பூட்ஸ் காலை ஊன்றிக்கொண்டு துரை யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். இவர் தலையைக்கூடத் தூக்காமல், "தொரை, காலு" என்றார். பக்கத்தில் நின்ற கங்காணிக்கு முகம் வெளுத்துவிட்டது. துரை ஒரு நிமிஷம் விழித்தார், பிறகு காலை எடுத்துக்கொண்டார். இவர் சாவதானமாக எண்பத்திரண்டு என்று எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலம் என்னிடம் மட்டும், "தொரையோட காலு ஏழு ராத்தல்டா" என்றார். அதையும் எழுதி வைக்காமல் விட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

ஸ்டோரில் ரப்பர் பால் நிறுப்பது அவர் வேலை. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நிறுவை அண்ணன். மலாயாவில், சுங்கை சிப்புட்டிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மணி நேரம் உள்ளே போனால் எங்கள் தோட்டம். முதல் உலகச் சண்டை முடிந்து, ரப்பர் விலை விழுந்து, மறுபடி மெல்ல எழுந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் அப்போது இருபத்தைந்து வயதுக் காளை. ஸ்டோருக்குப் பின்னால் இருந்த புகைக் கொட்டகையில் விறகு போட்டு ஷீட்டைப் பதமாகக் காய வைப்பது என் பொறுப்பு. ஆக, அந்த மனிதரை நான் வருஷக்கணக்கில் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தவன்.

பால் வெட்டிக்கொண்டு வருகிற பெண்கள் வாளியைத் தராசில் மாட்டியதும் அவர் வாயில் முதலில் வருவது எடை அல்ல, கழிவு. வாளியின் எடையைக் கழிப்பதற்குத்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு வாளிக்கும் தனித்தனியாகக் கழிவு எழுதி வைத்திருந்தார். வாளியில் புதிதாக ஒரு நெளிசல் விழுந்திருந்தால்கூட, இறக்கி, துடைத்து, வெறும் வாளியை மறுபடி நிறுப்பார். மரத்திலேயே உறைந்துபோன ஒட்டுப்பாலில் ஒட்டிய காய்ந்த இலையைக் கிள்ளி எடுத்து வெளியே போடுவார். பெண்கள் மண்ணை வாரித் தூற்றாத குறைதான். "கட்டையில போற நிறுவை, ஒரு ராத்தலு கூடப் போட்டா ஒன் கை அழுகிப் போயிருமா?" என்று ஒருத்தி கேட்டதற்கு, அவர் கோபமே படாமல் சொன்னார்: "கூடுனாலும் பொய், கொறஞ்சாலும் பொய்."

இதுதான் அவருடைய வேதம், புராணம், தேவாரம் எல்லாம். கங்காணி கேட்டதற்காக ஒருவருக்கும் குறைத்து எழுதினதில்லை என்பதையும் நான் சொல்ல வேண்டும். அதை அந்தப் பெண்கள் சொல்ல மாட்டார்கள்.

லயத்து வரிசை வீடுகளில் பிள்ளை பிறந்தால் அவரிடம் கொண்டுவந்து நிறுப்பது வழக்கமாகிவிட்டது. துணியோடு நிறுப்பார், துணிக்குக் கழிவு போடுவார். ஒருதரம் நிறுத்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை மூத்திரம் பெய்துவிட்டது. தாய் சிரித்துக்கொண்டே பிள்ளையை எடுக்கப் போனாள். "இரு தாயீ" என்று நிறுத்திவிட்டு, நனைந்த துணியைத் தனியாக நிறுத்து, வித்தியாசத்தைப் பிள்ளையின் எடையிலிருந்து கழித்துவிட்டுத்தான் அனுப்பினார். "அது புள்ளையோட எடை இல்லம்மா. புள்ளை விட்ட எடை."

ஆள் பார்க்கக் குண்டு. உருண்டை முகம், உட்கார்ந்தால் மடியில் வந்து இறங்குகிற தொந்தி. அவர் மனைவியான அண்ணிக்கு அந்தத் தொந்தியில் பெருமை உண்டு. "எங்க வீட்டு எடக்கல்லு" என்பாள். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுகிற மனுஷி. அதில் ஒன்பது அவரைச் சாப்பிடச் சொல்வதற்காக இருக்கும்.

அந்தத் தொந்தியைத்தான் குளிர்காய்ச்சல் கொண்டுபோயிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கொயினா மருந்தைக் குடித்துக் கிடந்தார். அங்கே மருந்து கொடுக்கிற டிரெசர் கையை விரித்துவிட்டு, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார். ரயிலுக்கு வண்டி கட்டினோம். வண்டி ஸ்டோரைத் தாண்டும்போது, உயிர் இருக்கிறதா என்று சந்தேகமாகக் கிடந்த ஆள் திடீரென்று கையைத் தூக்கினார். "நிறுத்து. என்னை நிறு."

சாகப்போகிறவனின் கடைசி ஆசை என்று நினைத்து, தூக்குக் கட்டிலோடு மேடைத் தராசில் வைத்தோம். கட்டிலுக்குக் கழிவு, கம்பளிக்குக் கழிவு, எல்லாம் அவரே முனகி முனகிச் சொன்னார். நான்தான் முள்ளைப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு ராத்தல். காய்ச்சலுக்கு முன்னால் நூற்று அறுபத்தெட்டு நின்ற உடம்பு அது. அண்ணி தலைமாட்டில் நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அவர் எண்ணைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, "மாட்டுக்குக் கழிவு போட்டியாடா?" என்றார். அதன்பிறகு கண் சொருகிவிட்டது.

பிழைத்தார். ஈப்போவில் இரண்டு மாதம் கிடந்து திரும்பி வந்தார். வந்ததும் சொன்ன முதல் விஷயம், அன்றைக்குத் தராசில் கிடந்தபோது ஆத்தாவிடம் மனசுக்குள் ஒரு வேண்டுதல் வைத்தாராம். பிழைத்து வந்தால் என் எடைக்கு எடை வெல்லம். எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு அந்த வருஷத்துச் சித்திரைத் திருவிழா அதற்குள் முடிந்துபோயிருந்தது. சரி, அடுத்த சித்திரைக்குச் செய்துவிடலாம் என்றார்கள்.

அந்த ஒரு வருஷமும் அண்ணியின் கையில் போயிற்று. ஆட்டுக்கால் சூப், சுறாப்புட்டு, நல்லெண்ணெய் மிதக்கும் உளுந்தங்களி என்று எதையும் அவள் விட்டுவைக்கவில்லை. போன தொந்தி, தன் வீட்டுக்கு வருகிற மருமகன் மாதிரி உரிமையோடு திரும்பி வந்து உட்கார்ந்தது.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. ஈப்போவில் வெல்லம் வாங்கிவரச் சொல்ல வேண்டும், எவ்வளவு என்று தெரிய வேண்டும். அவர் மேடைத் தராசில் ஏறினார். நூற்று எழுபத்தொன்று. இறங்கினார். மறுபடி ஏறினார். வேட்டிக்குக் கழிவு போட்டுப் பார்த்தார். பிறகு வெற்றுத் தராசைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

"என்னண்ணே?"

"நான் ஆத்தாகிட்ட சொன்ன எடை நூத்திப் பதினெட்டுடா."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்கென்ன? கூடக் குடுத்தா ஆத்தா வேணாம்னா சொல்லப் போவுது?"

பாலில் தண்ணீர் கலந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "கூடுனாலும் பொய்."

"அப்ப நூத்திப் பதினெட்டு ராத்தல் வெல்லத்த மட்டும் கோயில்ல குடுத்துருங்க. நீங்க ஏன் தராசுல ஏறணும்?"

"எடைக்கு எடைன்னு சொல்லியிருக்கேன். ஒரு தட்டுல நான், ஒரு தட்டுல வெல்லம், முள்ளு நடுவுல நிக்கணும். வெல்லமும் நூத்திப் பதினெட்டு, நானும் நூத்திப் பதினெட்டு. வேற வழியே இல்ல."

ஒரு கரித்துண்டை எடுத்து ஸ்டோர்க் கதவின் உள்பக்கம் கணக்குப் போட்டார். குறைய வேண்டியது ஐம்பத்து மூன்று. இருப்பது இருபத்தொரு நாள். தினம் ரெண்டரை ராத்தல் என்று கோடிழுத்தார். கணக்கில் ஒரு குற்றமும் இல்லை. மற்ற எல்லாவற்றிலும் குற்றம் இருந்தது.

விஷயம் ஒரே நாளில் லயம் முழுக்கப் பரவிற்று. துலாபாரம் ஏறிய வெல்லம் அப்படியே பொங்கலாகி வீட்டுக்கு வீடு வரும் என்று காத்திருந்தவர்கள் நாங்கள். ஐம்பத்து மூன்று ராத்தல் வெல்லம் கண்முன்னால் கரைவதை யார் பொறுப்பார்கள்? அதுவரை அவரைக் கட்டையில் போகச் சொன்ன பெண்களெல்லாம் இப்போது அதிரசமும் முறுக்கும் தூக்கிக்கொண்டு ஸ்டோர் வாசலுக்கு வந்தார்கள். "சாப்பிடு லா அண்ணே, முகமெல்லாம் வாடிப் போச்சு" என்று ஒருத்தி ஊட்டிவிடாத குறை. அவர் அதிரசத்தை வாங்கித் தராசில் வைத்து எடை பார்த்துவிட்டு, "இவ்வளவும் உள்ள போனா இவ்வளவும் ஏறும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

முதலில் சோற்றை விட்டார், வடித்த கஞ்சித் தண்ணி மட்டும் குடித்தார். பிறகு அதையும் ஒரு வேளையாக்கினார். ஒருநாள் விட்டு ஒருநாள் விளக்கெண்ணெய். பால் வெட்டு தொடங்கும் முன்னால் மேட்டைச் சுற்றி மூன்று சுற்று நடை. முதல் நாலைந்து நாள் எடை மளமளவென்று இறங்கியது. கதவில் எண்கள் வரிசையாகக் கீழே வந்தன. அவர் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு. ஆறாம் நாள் முள் நகரவில்லை. ஏழாம் நாளும் நகரவில்லை.

எட்டாம் நாள் என்னிடம் வந்தார். "ஷீட்ட எத்தனை நாள்ல காய வைக்கிற?"

"நாலஞ்சு நாளாகும்."

"என்னைக் காய வையி."

நான் செய்தது தப்பு. இத்தனை வருஷம் கழித்தும் அதை வேறு மாதிரி சொல்ல எனக்கு மனமில்லை. அன்றைக்கு எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, மூங்கில் கழிகளில் தொங்கும் ஷீட்டுகளுக்கு நடுவில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தார். நான்தான் கதவைச் சாத்தினேன். அரைமணி கழித்து வெளியே வந்தபோது தலையிலிருந்து கால்வரை வேர்வை, உடம்பெல்லாம் புகை நாற்றம். தராசில் ஏறினார். மூன்று ராத்தல் குறைந்திருந்தது. குழந்தை மாதிரி கையைத் தட்டினார். தாகத்துக்கு ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறினார். ரெண்டு ராத்தல் திரும்பி வந்திருந்தது. அதிலிருந்து தண்ணீரையும் நிறுத்திவிட்டார்.

"அண்ணே, இது கொழுப்பு இல்ல, தண்ணி" என்றேன். "பாலக் காய வெச்சா தண்ணிதான் போவுது, உள்ள இருக்கற ரப்பர் அப்படியே இருக்கு. ஒங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். முள்ளுக்குத் தெரியாது" என்றார்.

வாழ்நாள் முழுக்க முள்ளை ஏமாற்ற நினைத்தவர்களைப் பிடித்த ஆள் இப்படிச் சொன்னதும் நான் விறகைப் போட்டுவிட்டு எழுந்தேன். டிரெசரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கால்சட்டை, இஸ்திரி மடிப்பு, முன்கோபம். நேரே ஸ்டோருக்கு வந்தார். கதவில் எழுதியிருந்த எண்களை மேலிருந்து கீழே வாசித்தார். "உமக்கென்ன விசரே?"

"வேண்டுதல் ஐயா."

"வேண்டுதல் கிடக்கட்டும். கிழமைக்கு ஒண்டு ரெண்டு ராத்தல் எண்டால் உடம்பு பொறுக்கும். நாளுக்கு ரெண்டரை எண்டால், கொழுப்பு மட்டுமே போகும்? தசையும் சேர்ந்தெல்லோ போகும். இருதயமும் ஒரு தசைதான் கண்டீரோ. அதிலையும் ரெண்டு ராத்தல் குறைக்கப் போறீரோ?"

"இருதயம் எத்தனை ராத்தல் இருக்கும் ஐயா?" என்று இவர் உண்மையான ஆவலோடு கேட்டார்.

டிரெசர் என்னைப் பார்த்தார். "இந்த மனிசன் இனிப் புகைக்குள்ள போனால், எனக்கு ஆள் அனுப்பாதையும். குழி வெட்டிறவனுக்கு அனுப்பும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் அன்றே கொட்டகைக் கதவுக்குப் பூட்டுப் போட்டேன். அண்ணியிடமும் சொன்னேன். அவள் வெற்றிலை போடுவதை நிறுத்தியிருந்தாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர் சாப்பிடாத நாளிலிருந்து அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

பதினைந்தாம் நாள் நூற்று நாற்பத்திரண்டு. சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. உதடு வெடித்திருந்தது. எழுந்து நின்றால் தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொள்வார், முன்பு யாரையும் தொடவிடாத சங்கிலியை. அன்று பால் நிறுத்து முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, வாயாடி ஒருத்தி திரும்பி வந்தாள். கட்டையில் போகச் சொன்னவள்தான்.

"அண்ணே, எனக்கு எத்தன எழுதியிருக்க?"

புத்தகத்தைப் பார்த்தார். "முப்பத்தொண்ணு."

"எனக்கு இருவத்தி ஏழுதாண்ணே. நான் வெட்டுன பாலு எனக்குத் தெரியாதா? நாலு ராத்தலு கூட எழுதியிருக்க."

அவர் புத்தகத்தை விரலால் வரிவரியாகத் தடவிப் பார்த்தார். அவளுக்கு முன்னால் நின்றவளின் எடையை இவளுக்கும், இவளுடையதை அவளுக்கும் எழுதியிருந்தார். இரண்டு பேருக்கு வாளிக் கழிவே போடவில்லை.

அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வருஷக்கணக்காகக் கேட்டது கிடைத்திருக்கிறது. ஆனால் அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். "வேணாண்ணே, நீ பழையபடி கழிவு போடுண்ணே. எலயப் பொறுக்கிப் போடுண்ணே. பயமா இருக்கு" என்றாள்.

அவர் எல்லாவற்றையும் அடித்துத் திருத்தி எழுதினார். அவர் புத்தகத்தில் அடித்தல் விழுந்து நான் பார்த்தது அன்றுதான். நான் விறகு எடுக்கப் போய்த் திரும்பும்போது, விறகு போடப் பூட்டைத் திறந்து வைத்திருந்த கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. இன்னும் ஆறு நாளில் இருபத்து நாலு ராத்தல் குறைய வேண்டுமே என்று உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார்.

கூப்பிட்டேன். பதில் இல்லை. உள்ளே ஓடினேன். முக்காலி கவிழ்ந்து கிடந்தது, அவர் ஷீட்டுகளுக்குக் கீழே சுருண்டு கிடந்தார். காலைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்து போட்டேன். தொந்தியோடு ஒரு அடி அசைக்க முடியாத உடம்பு ஒரே இழுப்பில் வந்துவிட்டது. அந்த லேசு என்னைக் கதிகலங்க வைத்தது. கத்தி ஆள் சேர்த்தேன்.

வரமாட்டேன் என்று சொன்ன டிரெசர்தான் முதலில் ஓடிவந்தார். நாடியைப் பிடித்தார், கண்ணிமையை விலக்கிப் பார்த்தார், உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைத் துளித்துளியாக வாயில் விட்டார். இஸ்திரி போட்ட கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். "நாடி ஓடுது, நிக்குது, பிறகும் ஓடுது" என்று அண்ணியிடம் மெல்லச் சொன்னார். "இனி ஒரு நாள் பட்டினி கிடந்தால் நான் பொறுப்பில்லைப் பிள்ளை."

வெகுநேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்தார். எங்கள் எல்லோரையும் பார்த்தார். "எவ்வளவு?" என்றார்.

அவருக்கு வேண்டியது எடை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அண்ணி அவர் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அன்று அவள் பேசியது ஒரு வருஷத்துப் பேச்சு.

"எதுக்கு இந்தக் கூத்து? அந்த வேண்டுதல் ஒங்க வேண்டுதலே இல்ல. நான் வேண்டுனது."

"நான்தான்... தராசுல..."

"ஒங்களுக்கு அப்ப நெனவு எங்க இருந்துச்சு? மாட்டுக்குக் கழிவு கேட்ட மனுசன் நீங்க. நான்தான் தலமாட்டுல நின்னு வேண்டுனேன். அது ஒங்க காதுல விழுந்து, நீங்க வேண்டுன மாதிரி நெனச்சுக்கிட்டீங்க. நூத்திப் பதினெட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. ஆத்தா, இந்த மனுசன் பழையபடி தின்னு, தேறி, திடமா ஒன் வாசல்ல வந்து நிக்கட்டும், அன்னிக்குத் தானா நிக்கற எடை எதுவோ அதுக்கு வெல்லம்னு வேண்டுனேன். இப்பப் பட்டினி கெடந்து கொறச்சா, அது ஆத்தாவுக்குத் துரோகம். கூடுனாலும் பொய், கொறஞ்சாலும் பொய்னு ஊருக்குச் சொன்னா மட்டும் போதுமா?"

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அவர் அப்படித் தராசு முள்ளைத்தான் பார்ப்பார். பிறகு, "தானா நிக்கற எடையா?" என்றார்.

"தானா நிக்கற எடை."

"ஏன் இத்தன நாளு சொல்லல?"

"என்னை எவன் கேட்டான்?"

அவர் வாயைத் திறந்தார். கேள்வி கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். கஞ்சிக்காகத் திறந்திருந்தார்.

சித்திரைத் திருவிழா அவர் பாயில் கிடக்கும்போதே நடந்தது. தேற வைப்பதிலும் அவசரம் கூடாது என்று டிரெசர் கறாராகச் சொல்லிவிட்டார். முதலில் கஞ்சி, பிறகு குழைந்த சோறு, பிறகுதான் மற்றது. லயத்துப் பெண்கள் கொண்டுவந்த அதிரசத்தையெல்லாம் வாசலிலேயே நின்று டிரெசர் பறிமுதல் செய்தார். அவற்றை அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய கால்சட்டையும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் ஆயிற்று.

ஆடி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை துலாபாரம். கோயில் முன்னால் கொம்பு நட்டு, நடுவில் முள் வைத்த துலாக்கோலை மாட்டி, ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த சங்கிலியில் இரண்டு பலகைகள் தொங்கவிட்டோம். பலகை இரண்டும் சமம்தானா என்று அவரே மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் ஏறி உட்கார்ந்தார். ராத்தல் ராத்தலாக நிறுத்து வைத்திருந்த வெல்லக் கட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கினோம். லயமே வாய்க்குள் எண்ணிக்கொண்டு நின்றது. நூற்று ஐம்பத்தொன்பதில் முள் நடுவில் வந்து அசையாமல் நின்றது. பெண்கள் குலவையிட்டார்கள். எல்லோருக்கும் மேலாகக் குலவையிட்டவள் அந்த வாயாடி.

அப்போது அண்ணி மடியிலிருந்து ஒரு சிறிய வெல்லக் கட்டியை எடுத்து, அடுக்கின்மேல் வைத்தாள். வெல்லத் தட்டு கொஞ்சம் இறங்கிற்று, அவர் கொஞ்சம் மேலே போனார். சமமாக நின்ற முள்ளை ஒருவர் கெடுத்து, அவர் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. அவர் முள்ளைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு ஆத்தாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

பொங்கல் பானை கழுவும்போது நான் அண்ணியிடம் கேட்டேன். "அந்தக் கட்டி எதுக்கு அண்ணி?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சொன்னாள். "நான் எங்கடா வேண்டுனேன்? அன்னிக்கு எனக்கு அழுகதான் வந்துச்சு. சாமி பேருகூட வாயில வரல. ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொல்லியிருக்கேன்ல. அதுக்குத்தான் அந்தக் கட்டி. நீ அவருகிட்ட சொல்லிராத, செத்தே போயிருவாரு."

நான் சொல்லவில்லை. நாலு வருஷம் கழித்து, ஈப்போவில் வேறு வேலை கிடைத்துத் தோட்டத்தை விட்டுப் போகும்வரை சொல்லவில்லை. போகிற அன்று ஸ்டோரில் அவரிடம் விடைபெறப் போனேன். தொந்தி நல்ல நிலையில் இருந்தது. பால் வாளிகள் வரிசையில் நின்றன.

"போயிட்டு வாரேண்ணே."

"ம். ஒடம்பப் பாத்துக்க" என்றவர், தராசைத் துடைத்துக்கொண்டே, "கால் ராத்தல்" என்றார்.

"எதுண்ணே?"

"அன்னிக்கு ஒங்க அண்ணி வெச்ச கட்டி."

"ஒங்களுக்கு... தெரியுமா?"

"தராசுலயும் சரி, வண்டியிலயும் சரி, எனக்குக் கண்ணுதாண்டா மூடியிருந்துச்சு, காது மூடல. அவ அழுதுக்கிட்டே வந்தா. ஒரு சாமி பேரும் சொல்லல. நான் வேண்டுனது நான் வேண்டுனதுதான்."

"அப்புறம் ஏண்ணே? கூடுனாலும் பொய், கொறஞ்சாலும் பொய்னு..."

அடுத்த வாளி வந்துவிட்டது. அவர் அதை வாங்கிக் கொக்கியில் மாட்டினார். நெளிசல் இருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அவ சொன்ன பொய்க்கு மட்டும் கழிவு போட்டுட்டேன்" என்றார்.